கையில் எஞ்சும் ஆங்கிலம்

ஆங்கிலம் வேண்டும் என்பதிலே இன்று நம்மவரிடையே அபிப்பிராய பேதம் இல்லை. பெற்றோர் வேண்டும் என்கின்றனர். அரசியலார் மேடைதோறும் வேண்டும் என்கின்றனர். பிரத்தியேக வகுப்பு நடத்துவோர் மூன்றே மாதத்திற் சரளமாகப் பேசலாம் என்று சுவரொட்டிகளிலே உறுதி கூறுகின்றனர். ஆயின் எத்தகைய ஆங்கிலம், எவருக்கு, எவ்வளவு, எதன்பொருட்டு என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலர். அவ்வினாக்களைக் கற்கும் மாணவனிடத்திலேயே கேட்டல் வேண்டும் என்போர் அவரினுஞ் சிலர்.

நம் நாட்டிலே தரம் 3 முதல் தரம் 11 வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. பாடநூல் இலவசமாகவே கிடைக்கின்றது. இவ்வளவுக்கும் பின்னர், சாதாரண தரப் பரீட்சையோடு பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளைகளுட் பலர், வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு வரிகளை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதவராய் இருக்கின்றனர். இதற்குக் காரணங் கூறப் புகுவோர் ஆசிரியர் பற்றாக்குறையையும், கிராமப் பாடசாலைகளின் வசதியீனத்தையும், நெடிய போர் விளைத்த சிதைவையும் எடுத்துக்காட்டுவர். அவை யாவும் மெய்யே. எனினும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ண வேண்டிய காரணம் இன்னொன்றுண்டு. மாணவனின் தேவை யாது என்பதை அளந்தறியாமலே நாம் அவனுக்கு ஆங்கிலம் புகட்டி வருகின்றோம். நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியனின் செயலை இது ஒக்கும்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. ஈழத்திலே ஆங்கிலக் கல்வியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்ப்போமாயின், ஒவ்வொரு காலத்திலும் மாணவனின் தேவையை வேறு யாரோ ஒருவர் தீர்மானித்து வந்தமை புலனாகும். 1823ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. மிஷனரிமார் வேண்டியது கிறித்தவ ஊழியத்திற்கு ஆள். மாணவரிற் பலர் நாடியதோ அரசாங்க உத்தியோகமும் அதனால் வருங் கௌரவமும். இரு தேவைகளும் பொருந்தாதொழிந்தமை வெளிப்படையானபோது, ரூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் நோக்கிற்கிணங்க, 1855ஆம் ஆண்டிலே அக்கல்லூரி மூடப்பட்டது. கற்பிப்பவனின் நோக்கமும் கற்பவனின் நோக்கமும் வேறுபடுமிடத்து என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த முதற்சான்று இதுவெனலாம்.

1830களின் தொடக்கத்தில் வந்த கோல்புறூக்–கமெரன் சீர்திருத்தங்களின்போது ஆட்சியாளர் தம் தேவையைத் தீர்மானித்தனர். குறைந்த செலவிலே ஆட்சி நடத்த ஆங்கிலம் அறிந்த சுதேச உத்தியோகத்தர் வேண்டியிருந்தனர். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, கட்டணம் செலுத்தவல்ல சிறுதொகையினர் ஆங்கிலப் பாடசாலைகளிலும், ஏனையோர் சுயமொழிப் பாடசாலைகளிலும் படித்தனர். இந்த இருவகைப் பிரிவினாற் சமூகத்தில் எழுந்த சுவரைத் தகர்க்க முயன்றவர்களை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே 1920களில் ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் நடத்திய வாலிபர் இயக்கம் தாய்மொழிக்கு உரிய இடத்தைக் கேட்டது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி மூலம் கற்றல் ஏழைப் பிள்ளைக்குத் திறந்துவிட்ட கதவுகள் எண்ணிறந்தவை. அதனை இன்று எவரேனுங் குறைத்துப் பேசின் அது வரலாறு அறியாமையேயாகும்.

ஆயினும் அதன் பின்னரும் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. 1956இல் மொழிச் சட்டம் வந்தபோது நாட்டின் கவனம் முழுவதும் சிங்களமா தமிழா என்பதிலே குவிந்தது. ஆங்கிலம் பாடசாலையின் ஒரு மூலைக்கு ஒதுங்கிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றும், ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்றும் கூறிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே உயர்தர விஞ்ஞான பாடங்களையும், பின்னர் தரம் 6 முதற் சில பாடங்களையும் ஆங்கில மூலங் கற்பிக்க மீண்டும் வழி திறக்கப்பட்டது. சட்டத்தாலும் சுற்றுநிருபத்தாலும் ஆங்கிலத்தின் இடம் பலமுறை மாற்றப்பட்டிருக்கின்றது. வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை நோக்கி, "உனக்கு இது எதற்கு?" என்று கேட்ட ஆவணம் ஒன்றேனும் என் கண்ணிற் பட்டதில்லை.

ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழியா, அன்றி அந்நிய மொழியா என்று அறிஞர் வாதிப்பதுண்டு. நம் ஆவணங்கள் அதனை இரண்டாம் மொழி என்றே கூறுகின்றன. கொழும்பிலே வீட்டிலும் தெருவிலும் ஆங்கில ஒலி காதில் விழும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். முல்லைத்தீவுக் கடற்கரைக் கிராமமொன்றிலோ, பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலோ, மட்டக்களப்பின் படுவான்கரையிலோ வாழும் பிள்ளைக்கு வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் பேசுவார் ஒருவருமிலர். அங்கே அது அந்நிய மொழியே. மலையகத்துப் பிள்ளைக்கும் வவுனியாப் பிள்ளைக்கும் சிங்களமும் கற்கவேண்டிய மொழியாக முன்னிற்கின்றது. அவ்வாறிருந்தும் அனைவருக்கும் ஒரே பாடநூல். அனைவருக்கும் ஒரே வினாத்தாள். சமத்துவம் என்னும் பெயரால் நாம் செய்யும் இக்காரியம், முன்னரே ஆங்கிலம் கையிலுள்ளவனுக்குச் சான்றிதழ் வழங்குவதோடு அமைந்துவிடுகின்றது.

தேவை என்னுஞ் சொல்லைச் சற்று நுணுகி நோக்குதல் நலம். 1987இல் ரொம் ஹச்சின்சன், அலன் வாட்டேர்ஸ் என்னும் இருவர் குறித்த நோக்கத்திற்கான ஆங்கிலம் பற்றி எழுதிய நூலிலே தேவையை மூன்றாகப் பகுத்துக் காட்டினர். மாணவன் பின்னாளில் நிற்கப்போகும் இடம் அவனிடத்தில் எதனை வற்புறுத்தும் என்பது ஒன்று. அதற்கும் இன்று அவன் கையில் உள்ளதற்கும் இடையிலான குறை இன்னொன்று. அவன் தானே எதனை விரும்புகின்றான் என்பது மூன்றாவது. முதலாவதைப் பிறர் கணிக்கலாம். இரண்டாவதைச் சோதனை வைத்து அளக்கலாம். மூன்றாவதை அவன் வாயாற் கேட்டாலன்றி அறிய வழியில்லை. நம் கல்விமான்கள் முதலாவதைப் பற்றியே பேசுகின்றனர். நம் பரீட்சைகள் இரண்டாவதை மட்டும், அதுவும் காலங் கடந்து, அளக்கின்றன. மூன்றாவது தீண்டப்படாமலே கிடக்கின்றது.

நான் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். தரம் 9, தரம் 10 வகுப்புகளிலே ஒரு சிறு பயிற்சியை நான் வழக்கமாகச் செய்வித்தேன். ஒரு வாரத்திலே எங்கெங்கே ஆங்கிலத்தைக் கண்டீர்கள், கேட்டீர்கள், எவ்விடத்து அது தெரியாமற் கஷ்டப்பட்டீர்கள் என்று தமிழிலே எழுதிவரச் சொல்வேன். தமிழிலே என்பதை வற்புறுத்துவேன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தமக்கு எழுதத் தெரிந்ததையே எழுதுவார்கள். சொல்ல விரும்பியது வெளிவராது. இதனை ஆராய்ச்சி என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் அத்தாள்கள் எனக்குக் கற்பித்தவை பல.

அம்மம்மாவின் குளிசைப் பெட்டி, வைத்தியசாலையிற் கொடுத்த துண்டு, கட்டாரிலிருந்து அண்ணன் அனுப்பிய ஒப்பந்தத் தாள், நீரிறைக்கும் இயந்திரத்தோடு வந்த சிறு புத்தகம், வங்கியிலிருந்து தாயாரின் பெயருக்கு வந்த கடிதம், கைத்தொலைபேசியிலே 'சம்மதம்' என்று அழுத்துமுன் தோன்றும் நீண்ட வாசகம், கிரிக்கெற் வர்ணனை என இவ்வாறு வரிசை நீளும். இவற்றை ஒருங்கு வைத்து நோக்கியபோது இரண்டு உண்மைகள் புலப்பட்டன.

ஒன்று, கிராமத்துப் பிள்ளையை ஆங்கிலம் வந்தடைவது பெரும்பாலும் எழுத்து வடிவிலேதான். அவனோடு ஆங்கிலத்திற் பேசுவாரில்லை. ஆயின் அச்சிட்ட ஆங்கிலம் அவன் வீட்டு முற்றம்வரை வந்துவிட்டது. இரண்டாவது உண்மை அதனினும் முக்கியமானது. அப்பிள்ளை அந்த ஆங்கிலத்தைத் தனக்காக வாசிப்பதில்லை. அம்மம்மாவுக்காக, தாய்க்காக, பக்கத்து வீட்டு மாமாவுக்காக வாசிக்கின்றான். வாசித்ததைத் தமிழிலே எடுத்துச் சொல்லவேண்டியவனாக இருக்கின்றான். அவன் தன் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளன். அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று கூறுகின்றது. அந்த இணைப்பு வேலையை உள்ளபடி செய்பவன் பதினைந்து வயதுப் பிள்ளை. அவனுக்கு அந்த வேலையில் நாம் ஒரு பயிற்சியும் அளிப்பதில்லை. ஆங்கில வகுப்பிலே தமிழ் பேசுதல் குற்றம் என்று சில பாடசாலைகளிலே விதி வேறு செய்து வைத்திருக்கிறோம்.

விருப்பம் என்ற மூன்றாவது கூற்றுக்கு வருவோம். அத்தாள்களிலே அடிக்கடி காணப்பட்ட ஒரு வேண்டுகோள் எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாதது. "பிழையாகக் கதைத்தால் ஒருவரும் சிரிக்கக் கூடாது" என்பதே அது. நம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைச் சிங்களத்திலே 'கடுவ', அஃதாவது வாள், என்று குறிப்பிட்டு வந்தனர். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரையொன்றிலே இச்சொல்லை எடுத்து ஆராய்ந்து, ஆங்கிலம் அதிகாரத்தின் ஆயுதமாக இயங்குமாற்றை விளக்கினார். அவ்வாளின் கூர்மையைத் தரம் 9 பிள்ளையும் அறிவான். அவன் வகுப்பிலே வாய் திறவாதிருப்பது சோம்பலால் மட்டுமன்று. வாயைத் திறந்தவுடன் தன் ஊரும் குடும்பமும் தொழிலும் பிறர் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமும் அவனுக்கு உண்டு.

இவ்விடத்து இன்னொரு சான்றையும் கூறுதல் பொருந்தும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் அங்கு பயின்ற முதலாண்டுக் கலைப்பிரிவு மாணவரின் ஆங்கில வகுப்பை ஆராய்ந்து 1993இல் எழுதினார். 1999இல் அது பற்றி விரிவான நூலும் வெளியிட்டார். பாடநூலாக இருந்தது அமெரிக்க வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்ட ஒரு நூல். மாணவர் அந்நூலின் ஓரங்களிலே கிறுக்கி வைத்தவற்றையும் வரைந்தவற்றையும் அவர் தேடிப் பார்த்தார். தமிழ்ப் பண்பாட்டுச் சின்னங்களும், சினிமாவும் காதலும், அக்காலப் போராட்டமும் அவ்வோரங்களிலே நிறைந்திருந்தன. வகுப்பிலே வாய் மூடியிருந்தோர் நூலின் ஓரத்திலே பேசியிருக்கின்றனர். அதே மாணவர் பரீட்சையைக் கருதி இலக்கண விதிகளையே வேண்டினர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மாணவனின் தேவை ஒருமுகமானதன்று. முரண்பட்ட பல ஆசைகளும் நிர்ப்பந்தங்களும் அதனுள் அடங்கியுள்ளன. பல்கலைக்கழகத்து இளைஞர் நிலையே அதுவாயின், பதினான்கு வயதுப் பிள்ளையின் மனத்தை ஒரு படிவத்திலே சில கட்டங்களுக்குப் புள்ளடியிடச் செய்து அறிந்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. பொறுமையோடு, பல முறை, பல வழியிலே கேட்டல் வேண்டும்.

தேவை அறியப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? அந்த அளவுகோலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வங்காளத்திலே பணியாற்றிய ஆங்கிலேயர் ஒருவர் தந்திருக்கின்றார். டாக்காவிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராயிருந்த மைக்கல் வெஸ்ற் என்பாரே அவர். 1926இல் வெளியான தமது நூலிலே அவர் வங்காளப் பிள்ளையின் ஆங்கிலத் தேவையை ஆராய்ந்தார். படிப்பைத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். இடையிலே நின்றுவிடும் பிள்ளையின் கையில் என்ன எஞ்சுகின்றது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. ஆயுட் காப்புறுதி எடுத்தவன் இடைநடுவே அதனைக் கைவிட்டால், அதுவரை செலுத்திய பணத்திற்காக ஒரு தொகை அவனுக்குத் திரும்பக் கிடைக்கும். அதனை நாம் கைவிடு பெறுமதி எனலாம். மொழிக்கல்விக்கும் அத்தகைய பெறுமதி ஒன்றுண்டு என்றார் வெஸ்ற். இரண்டு ஆண்டு கற்று நின்றவனுக்கு இரண்டாண்டின் பயன், நான்கு ஆண்டு கற்று நின்றவனுக்கு நான்காண்டின் பயன் கிடைக்கத்தக்கதாகப் பாடம் அமைதல் வேண்டும். வாசிப்புத் திறன் படிப்படியாகவே பயன் தரவல்லது; ஆதலால் வங்காளப் பிள்ளைக்கு அதனையே முன்வைத்தல் தகும் என்பது அவர் முடிபு. அதற்கேற்பச் சொற்றொகையைக் கட்டுப்படுத்தி வாசிப்பு நூல்களையும் ஆக்கினார்.

வெஸ்ற் காலனியாட்சியின் கல்வி அதிகாரி. அவர் முடிபுகளை இன்றைய ஈழத்துக்கு அப்படியே கொண்டுவருதல் இயலாது, வேண்டுவதுமன்று. அவர் கேட்ட கேள்வியோ நமக்கு இன்றியமையாதது. நம் ஒன்பது ஆண்டு ஆங்கிலத்தின் கைவிடு பெறுமதி யாது? தரம் 8இல் நின்றுவிடும் பிள்ளையின் கையில் என்ன உண்டு? சாதாரண தரத்தில் ஆங்கிலத்திற் சித்தியடையாத பிள்ளையின் கையில் என்ன உண்டு? சான்றிதழில் அப்பாடத்துக்கு நேரே காணப்படும் தோல்விக் குறி ஒன்றைத் தவிர நாம் அவனுக்குக் கொடுத்தனுப்புவது மிகச் சொற்பம். அரைக்கிணறு தாண்டியவனின் நிலையே அவனது நிலை. முழுக்கிணறு தாண்டுவோரை மனத்திற்கொண்டே நம் பாடத்திட்டம் வகுக்கப்பட்டிருக்கின்றது.

இதனை மாற்ற இயலும். கீழ்வகுப்புகளின் முடிவிலே, பிள்ளை தன்னைச் சுற்றியுள்ள அச்சிட்ட ஆங்கிலத்திலே எளிய அறிவித்தலையும் எச்சரிக்கையையும் மருந்தளவையும் வாசித்துத் தமிழிற் சொல்லக் கூடியவனாக இருத்தல் வேண்டும். தரம் 11இன் முடிவிலே, படிவமொன்றை நிரப்பவும், கடிதமொன்றின் சாரத்தை எடுத்துரைக்கவும், அகராதியின் துணையோடு இரண்டு பக்கச் செய்தியொன்றை வாசிக்கவும், தன் பெயர் ஊர் தொழில் பற்றித் தடுமாறாது நான்கு வார்த்தை பேசவும் வல்லவனாதல் வேண்டும். இவை சிறிய இலக்குகளாகத் தோன்றலாம். ஆயினும் ஒவ்வொன்றும் அடையப்பட்ட அன்றே பயன்தரத் தொடங்கிவிடும்.

உயர்தரத்தில் விஞ்ஞானங் கற்கும் மாணவனின் தேவை வேறு. அவன் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் உயிரியலையும் தமிழிலே கற்கின்றான். பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்திலோ பொறியியற் பீடத்திலோ காலடி வைத்தவுடன் விரிவுரையும் நூலும் பரீட்சையும் ஆங்கிலமாகிவிடுகின்றன. இந்தப் பாய்ச்சலுக்கு அவனை ஆயத்தஞ் செய்வது யார்? உயர்தரத்திலே பொது ஆங்கிலம் என்றொரு பாடமுண்டு. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக் கணிப்பிலே சேர்வதில்லை. ஆதலால் அதனைப் பொருட்படுத்துவோருங் குறைவு. மாவட்டத்தின் முதல்வனாக வந்த மாணவன் முதலாண்டு விரிவுரையிலே ஒன்றும் விளங்காது மனமுடைந்து போவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அவனுக்கு வேண்டியது தான் தமிழிற் கற்ற விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலே மீண்டும் இனங்காணும் வாசிப்பு. ஒரு பாடத்தையேனும் இரு மொழியிலும் அருகருகே வைத்து வாசிக்கும் பழக்கம் இரண்டாண்டு கிடைக்குமாயின், அவன் அச்சம் பாதியாகக் குறையும்.

இக்கருத்துகளுக்கு மறுப்புகள் எழலாம். தனக்கு எது தேவையென்று பிள்ளைக்கு எவ்வாறு தெரியும் என்பது முதலாவது. முற்றாகத் தெரியாதுதான். அதனாலேயே விருப்பத்தை மட்டுங் கேட்டு அமையாது, அவன் நிற்கப்போகும் இடத்தையும் இன்றைய குறையையும் உடன்வைத்து நோக்குக என்கின்றோம். ஆயினும் அம்மம்மாவின் குளிசைப் பெட்டியைப் பற்றிக் கல்வியமைச்சின் அதிகாரிக்குத் தெரியாது, பிள்ளைக்கே தெரியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தேவையை அளந்து கொடுப்பதென்றால், தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குத் தோட்டத்து ஆங்கிலமும் டாக்குத்தரின் பிள்ளைக்கு டாக்குத்தர் ஆங்கிலமும் என்றாகிவிடாதா? பழைய இருவகைப் பாடசாலை வேறு வேடத்தில் வந்து சேராதா? இவ்வச்சம் நியாயமானது. தேவைக் கணிப்பு என்பது பிள்ளையின் தகப்பன் தொழிலைப் பார்த்து எல்லை வகுப்பதாக மாறுமாயின், அதனை நானே முதலில் எதிர்ப்பேன். கைவிடு பெறுமதி என்பது பிள்ளை இடையிலே நின்றாற் கிடைக்கவேண்டிய மிகக் குறைந்த பயன். தொடர்ந்து செல்வோனுக்கு அது தடையாதல் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் ஏறுவது ஒரே ஏணியாக இருக்கட்டும். அதன் ஒவ்வொரு படியும் நிற்கத்தக்க அகலமுடையதாக இருக்கட்டும். மேலும், விருப்பத்தையுங் கேட்கும்போதுதான், கொழுந்து பறிக்குந் தாயின் மகள் வானசாஸ்திரம் வாசிக்க ஆசைப்படுவது நமக்குத் தெரியவரும். கேளாதிருந்தால், அவளைப் பற்றி நாம் முன்னரே கொண்டுள்ள எண்ணமே அவளது தேவையாக எழுதப்பட்டுவிடும்.

மூன்றாவது, ஆங்கிலத்தை இவ்வளவு விரிவாகப் பேசுதல் தமிழுக்குக் கேடன்றோ என்பது. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டிலே மறைந்துகொண்டிருந்த தமிழ் நூல்களைப் பதிப்பித்து உதவியவர். ஆங்கிலம் அவரிடத்திலே தமிழைத் துரத்தவில்லை. தமிழிலே திடமாகக் காலூன்றிய பிள்ளைதான் ஆங்கிலத்தையும் பயனுறக் கற்கும். வகுப்பறையிலே தமிழை ஒரு கருவியாகப் பயன்படுத்தி, வாசித்ததைத் தமிழில் உரைக்கச் செய்வோமாயின், ஒரே வேளையில் இரு மொழியும் வளம்பெறும். அம்மம்மாவுக்கு விளங்கத்தக்க தமிழிலே மருந்துப் பெட்டியின் வாசகத்தைச் சொல்ல இயலாத பிள்ளைக்கு ஆங்கிலமும் விளங்கவில்லை, தமிழும் போதவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இனிப் பரீட்சை. நம் நாட்டிலே எதனைப் பரீட்சை கேட்கின்றதோ அதனையே பாடசாலை கற்பிக்கும். சாதாரண தர ஆங்கிலத்திலே வாசித்ததைத் தாய்மொழியிற் சுருக்கிச் சொல்லும் வினா ஒன்று சேர்க்கப்படுமாயின், அடுத்த ஆண்டே எல்லாப் பாடசாலைகளும் எல்லாப் பிரத்தியேக வகுப்புகளும் அதனைக் கற்பிக்கத் தொடங்கிவிடும். பெறுபேற்றிலே ஓர் எழுத்தை மட்டும் பொறிக்காது, இப்பிள்ளை இன்னின்னவற்றை வாசிக்கவும் எழுதவும் பேசவும் வல்லது என்று விளக்கும் சிறு குறிப்பையும் சேர்த்துக் கொடுப்பின், சித்தியடையாத பிள்ளையும் வெறுங்கையோடு வீடு திரும்பமாட்டாது. கல்வியியற் கல்லூரிகளிலே பயிலும் ஆங்கில ஆசிரியருக்கு, இலக்கணத்தோடும் போதனா முறையோடுங் கூட, தம் மாணவரின் தேவையை அறியும் வழிகளையும் பயிற்றுதல் வேண்டும்.

இவற்றிற் சில அரசாங்கத்தால் மட்டுமே ஆகக்கூடியவை. அவை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் தவணையின் முதல் வாரத்திலே ஒரு தாளை எடுத்து, முன்னர்க் கூறிய மூன்று வினாக்களையும் தம் மாணவரிடம் தமிழிலே கேட்கலாம். எங்கே ஆங்கிலம் உன்னைச் சந்திக்கின்றது? எவ்விடத்தில் நீ தடுமாறுகின்றாய்? நீ எதனைச் செய்ய விரும்புகின்றாய்? விடைகளை வகுத்து நோக்கிப் பாடநூலில் எவ்வலகை விரித்துக் கற்பிப்பது, எதனை விரைந்து கடப்பது என்று முடிவுசெய்யலாம். பிள்ளைகள் கொண்டுவரும் பெட்டியையும் கடிதத்தையும் இயந்திரப் புத்தகத்தையுமே வாரத்தில் ஒரு பாடவேளைக்கு நூலாகக் கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை, அநுமதி கோரவேண்டிய அவசியமுமில்லை. தவணை முடிவிலே அதே வினாக்களை மீண்டுங் கேட்டு, முன்னைய தாளோடு ஒப்பிட்டு நோக்குக. எத்தனை பிள்ளைகள் தம் வீட்டாருக்கு எதனை வாசித்துச் சொன்னார்கள் என்ற கணக்கு, பரீட்சைப் புள்ளியோடு சேர்த்து ஆசிரியரின் பதிவேட்டிலே எழுதி வைக்கத் தக்கதாகும்.